முனைவுள்ள மூலக்கூறுகளும் முனைவற்ற மூலக்கூறுகளும்

ஒட்டாத உறவைக் குறிக்க நம் முன்னோர் இரண்டு உவமைகளை வழங்கினர். ஒன்று, 'தாமரை இலைத் தண்ணீர் போல' என்பது. மற்றொன்று, 'எண்ணெயும் தண்ணீரும் போல' என்பது. இரண்டிலும் தண்ணீர் இடம்பெற்றிருப்பதைக் கவனிக்க வேண்டும். உப்பைக் கரைக்கும் தண்ணீர், சர்க்கரையைக் கரைக்கும் தண்ணீர், சாராயத்தோடு எந்த அளவிலும் கலந்துவிடும் தண்ணீர், எண்ணெயை மட்டும் ஏன் ஏற்க மறுக்கிறது? தாமரை இலையின் மெழுகுப் பூச்சின் மேல் ஏன் முத்தாய் உருண்டு ஓடுகிறது? இவ்வினாக்களுக்கு வேதியியல் தரும் விடை 'முனைவு' என்னும் ஒரு சொல்லில் தொடங்குகிறது.

மேல்நிலைப் பள்ளியிலிருந்து கல்லூரிக்கு வரும் மாணவர்களுக்கு இச்சொல் புதிதன்று. வரையறை கேட்டால் பிழையின்றி ஒப்பிப்பர். ஆனால் ஒரு புதிய மூலக்கூறின் பெயரைச் சொல்லி, 'இது முனைவுள்ளதா, முனைவற்றதா?' என்று கேட்டால் பலர் தடுமாறுவர். அத்தடுமாற்றத்திற்குக் காரணம் என்ன என்பதையும், அதைப் போக்கிக்கொள்ளும் வழியையும் இக்கட்டுரையில் காண்போம்.

ஒரு விடைத்தாள்

என் சொந்த அனுபவம் ஒன்றைக் கூறிவிட்டுத் தொடங்குகிறேன். இளம் அறிவியல் முதலாண்டில் நான் எழுதிய சோதனைத் தேர்வில், 'கார்பன் டெட்ரா குளோரைடு முனைவுள்ள மூலக்கூறா? காரணம் கூறுக' என்று ஒரு வினா இருந்தது. குளோரினுக்கும் கார்பனுக்கும் எலக்ட்ரான் கவர்திறனில் வேறுபாடு உண்டு. எனவே பிணைப்பு முனைவுள்ளது. எனவே மூலக்கூறும் முனைவுள்ளது என்று ஒரு பக்கம் எழுதியிருந்தேன். ஐந்துக்குச் சுழி கிடைத்தது.

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை முதன்முதலாக மிதித்தவன் நான். மனப்பாடம் ஒன்றே என் கையிருப்பு. மனப்பாடம் செய்த வரிகளை அப்படியே எழுதியும் மதிப்பெண் இல்லை என்றதும், வேறு பாடத்திற்கு மாறிவிடலாமா என்றுகூட எண்ணினேன். விடைத்தாளை எடுத்துக்கொண்டு பேராசிரியரிடம் சென்று, "ஐயா, புத்தகத்தில் உள்ளதைத்தானே எழுதியிருக்கிறேன்?" என்று கேட்டேன்.

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "தம்பி, நீ எழுதியது தவறு இல்லை. பாதியில் நிறுத்திவிட்டாய், அவ்வளவுதான்" என்றார். பிறகு ஆய்வுக்கூடத்திற்கு அழைத்துச் சென்று ஒரு களிமண் உருண்டையையும் நான்கு தீக்குச்சிகளையும் என் கையில் கொடுத்தார். அந்தக் களிமண் உருண்டை எனக்குக் கற்பித்ததையே இனி எழுதப் போகிறேன்.

பங்கீட்டில் ஏற்றத்தாழ்வு

இரண்டு அணுக்கள் ஓர் எலக்ட்ரான் இரட்டையைப் பங்கிட்டுக் கொள்வதே சகப்பிணைப்பு. பங்கிடும் அணுக்கள் இரண்டும் ஒரே தனிமத்தைச் சேர்ந்தவையாயின் பங்கீடு சமமாக அமையும். ஹைட்ரஜன், நைட்ரஜன், குளோரின் ஆகிய வாயுக்களின் மூலக்கூறுகள் இத்தகையவை. அணுக்கள் வெவ்வேறாயின் அவற்றுள் ஒன்று எலக்ட்ரான்களைத் தன்பால் சற்று அதிகமாக இழுத்துக்கொள்ளும். இவ்வாறு இழுக்கும் ஆற்றலே எலக்ட்ரான் கவர்திறன் எனப்படும்.

இவ்வாற்றலுக்கு 1932-ஆம் ஆண்டில் ஓர் அளவுகோல் வகுத்தவர் அமெரிக்க வேதியியலறிஞர் லைனஸ் பாலிங். அவ்வளவுகோலில் இன்று வழங்கும் மதிப்புகள் சில வருமாறு:

ஹைட்ரஜன் – 2.20
கார்பன் – 2.55
நைட்ரஜன் – 3.04
குளோரின் – 3.16
ஆக்ஸிஜன் – 3.44
ஃபுளோரின் – 3.98

ஹைட்ரஜன் குளோரைடில் குளோரின் பக்கம் எலக்ட்ரான் அடர்த்தி மிகுந்து, அம்முனை சிறிதளவு எதிர்மின் தன்மையும், ஹைட்ரஜன் முனை சிறிதளவு நேர்மின் தன்மையும் பெறுகின்றன. 'சிறிதளவு' என்ற சொல்லை அழுத்திச் சொல்ல வேண்டும். எலக்ட்ரான் முழுவதுமாகப் பெயர்ந்துவிட்டால் அது அயனிப் பிணைப்பு ஆகிவிடும். இங்கு நிகழ்வது பெயர்ச்சி அன்று, சாய்வு.

அச்சாய்வு எவ்வளவு என்பதையும் கணக்கிடலாம். மின்னூட்டத்தின் அளவையும் இரு மின்னூட்டங்களுக்கு இடையேயுள்ள தொலைவையும் பெருக்கக் கிடைப்பது இருமுனைத் திருப்புத்திறன். இதன் அலகு 'டிபை'. ஹைட்ரஜன் குளோரைடில் அணுக்களுக்கிடையே உள்ள தொலைவு 0.127 நானோமீட்டர். ஓர் எலக்ட்ரான் முழுமையாகக் குளோரினிடம் சென்றிருந்தால் திருப்புத்திறன் ஏறத்தாழ 6.1 டிபை இருக்க வேண்டும். சோதனையில் கிடைப்பதோ 1.08 டிபை. அதாவது முழுப் பெயர்ச்சியில் ஆறில் ஒரு பங்குக்குச் சற்று மேல். நான் விடைத்தாளில் எழுதியது இதுவரைதான். இரண்டே அணுக்கள் கொண்ட மூலக்கூறுக்குப் பெரும்பாலும் இது போதும். மூன்று அணுக்கள் வந்துவிட்டால் போதாது.

கயிறு இழுக்கும் போட்டி

கல்லூரி விளையாட்டு விழாவில் கயிறு இழுக்கும் போட்டியைப் பார்த்திருப்பீர்கள். இரு அணியினரும் சம வலிமையோடு எதிரெதிராக இழுக்கும்போது, நடுவில் கட்டிய கைக்குட்டை அசைவதில்லை. இழுப்பு இல்லாமையால் அன்று, இரு இழுப்புகளும் ஒன்றையொன்று ஈடு செய்வதால் அது அசையாது நிற்கிறது. இரு கயிறுகளைக் கட்டி இருவரும் ஒரே பக்கமாகச் சாய்ந்து இழுத்தால் கைக்குட்டை அப்பக்கம் நகர்ந்துவிடும்.

கார்பன்-டை-ஆக்ஸைடும் நீரும் இவ்விரு நிலைகளுக்கும் எடுத்துக்காட்டுகள். இரண்டும் மூன்றணு மூலக்கூறுகள். இரண்டிலும் பிணைப்புகள் முனைவுள்ளவை. கார்பன்-டை-ஆக்ஸைடில் நடுவே கார்பனும் இரு புறமும் ஆக்ஸிஜனும் ஒரே நேர்க்கோட்டில் அமைந்துள்ளன. இடப்புற ஆக்ஸிஜன் இழுப்பதை வலப்புற ஆக்ஸிஜன் ஈடு செய்துவிடுகிறது. திருப்புத்திறன் சுழி, மூலக்கூறு முனைவற்றது. நீரிலோ இரு ஹைட்ரஜன்களும் ஆக்ஸிஜனுடன் 104.5 பாகைக் கோணத்தில் வளைந்து அமைந்துள்ளன. இரு பிணைப்புகளின் இழுப்பும் ஆக்ஸிஜன் பக்கமாகவே கூடுகின்றன. எனவே நீரின் திருப்புத்திறன் 1.85 டிபை, அது முனைவுள்ளது.

பிணைப்பின் முனைவு ஒரு திசையளவு. அளவோடு திசையும் உடைய எதையும் கூட்டும்போது திசையை மறந்தால் விடை பிழையாகும். இதுவே நான் பாதியில் நிறுத்திய இடம்.

இனிக் களிமண் உருண்டைக்கு வருவோம். அதுதான் கார்பன் என்று கொள்க. நான்கு தீக்குச்சிகளையும் ஒன்றிலிருந்து ஒன்று இயன்ற அளவு விலகி நிற்குமாறு செருகினால் நான்முகி வடிவம் கிடைக்கும். எந்த இரு குச்சிகளுக்கும் இடையே 109.5 பாகை இருக்கும். ஒரு குச்சியை நேர் மேலே நிறுத்திவிட்டுப் பார்த்தால் மற்ற மூன்றும் சாய்வாகக் கீழ் நோக்கி நிற்கும். சாய்ந்து நிற்கும் ஒவ்வொரு குச்சியின் இழுப்பிலும் நேர் கீழ்நோக்கிய பங்கு சரியாக மூன்றில் ஒன்று. மூன்று குச்சிகளின் பங்கையும் கூட்டினால் ஒன்று. மேல் நோக்கிய ஒன்றும் கீழ் நோக்கிய ஒன்றும் கழிந்து சுழியாகின்றன. பக்கவாட்டு இழுப்புகளும் தம்முள் ஈடாகிவிடுகின்றன. ஆகவே கார்பன் டெட்ரா குளோரைடின் நான்கு பிணைப்புகளும் முனைவுள்ளவையாக இருந்தும் மூலக்கூறு முனைவற்றது.

ஒரு குளோரினை நீக்கி அவ்விடத்தில் ஹைட்ரஜனை வைத்தால் குளோரோஃபார்ம். சமநிலை குலைந்துவிட்டது, திருப்புத்திறன் 1.04 டிபை. ஒரு குளோரினும் மூன்று ஹைட்ரஜன்களும் உள்ள மெத்தில் குளோரைடில் அது ஏறத்தாழ 1.9 டிபை. குளோரின்களின் எண்ணிக்கை குறையக் குறையத் திருப்புத்திறன் கூடுவது விந்தையாகத் தோன்றலாம். குச்சிகளைத் திசையோடு கூட்டிப் பார்ப்பவருக்கு அது விந்தையன்று.

பிணைப்புகளை அறவே மாற்றாமல் வடிவத்தை மட்டும் மாற்றினால் என்ன ஆகும்? இதற்கும் இயற்கையிலேயே விடை உண்டு. டைகுளோரோ எத்திலீனில் இரு கார்பன்களிலும் ஒவ்வொரு குளோரின் உள்ள சேர்மம் இரு வடிவங்களில் கிடைக்கிறது. இரு குளோரின்களும் இரட்டைப் பிணைப்பின் ஒரே பக்கத்தில் இருப்பது சிஸ் வடிவம். எதிரெதிர்ப் பக்கங்களில் இருப்பது டிரான்ஸ் வடிவம். அணுக்கள் அவையே, பிணைப்புகளும் அவையே. ஆயினும் சிஸ் வடிவத்தின் திருப்புத்திறன் 1.90 டிபை, டிரான்ஸ் வடிவத்திற்குச் சுழி. கொதிநிலையும் வேறுபடுகிறது: முன்னது 60 பாகை செல்சியஸில் கொதிக்கிறது, பின்னது 48 பாகையில். வடிவத்தின் பங்கு என்ன என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

வடிவத்தை அறிவது எப்படி?

வடிவம் தெரிந்தால் முனைவு தெரியும். வடிவத்தை எவ்வாறு அறிவது என்று நீங்கள் கேட்கலாம். 1940-இல் சிட்ஜ்விக், பாவல் ஆகியோர் கூறிய கருத்தை 1957-இல் கில்லெஸ்பியும் நைஹோமும் விரிவாக்கினர். மைய அணுவைச் சுற்றியுள்ள எலக்ட்ரான் இரட்டைகள் ஒன்றையொன்று விலக்கி, இயன்ற அளவு தொலைவில் நிற்க முயலும் என்பதே அக்கொள்கை.

இங்கு மாணவர்கள் வழக்கமாக மறப்பது தனித்த எலக்ட்ரான் இரட்டைகளை. நீரில் ஆக்ஸிஜனைச் சுற்றி இருப்பவை இரண்டு இரட்டைகள் அல்ல, நான்கு. இரண்டு பிணைப்பில் ஈடுபட்டவை, இரண்டு ஈடுபடாதவை. நான்கும் ஏறத்தாழ நான்முகியின் மூலைகளை நோக்கி நிற்கின்றன. தனித்த இரட்டைகள் சற்று அதிக இடத்தைப் பற்றிக்கொள்வதால் பிணைப்புக் கோணம் 109.5-லிருந்து 104.5 பாகையாகக் குறைகிறது. கார்பன்-டை-ஆக்ஸைடின் கார்பனில் தனித்த இரட்டையே இல்லை. எனவே அது நேர்க்கோடாக அமைகிறது. ஒன்று வளைவதும் மற்றொன்று வளையாததும் இக்காரணத்தாலேயே.

தனித்த இரட்டைக்கென்றும் ஒரு திசை உண்டு என்பதை அம்மோனியாவும் நைட்ரஜன் டிரை ஃபுளோரைடும் காட்டுகின்றன. இரண்டும் கூம்பு வடிவின. கவர்திறன் வேறுபாடும் ஏறத்தாழ ஒன்றே. அம்மோனியாவின் திருப்புத்திறன் 1.47 டிபை, மற்றதற்கு 0.23 டிபை மட்டுமே. அம்மோனியாவில் எலக்ட்ரான்கள் ஹைட்ரஜன்களிடமிருந்து நைட்ரஜனை நோக்கிச் சாய்கின்றன, தனித்த இரட்டையும் அப்பக்கமே உள்ளது, இரண்டும் கூடுகின்றன. மற்றதில் ஃபுளோரின் எதிர்ப்பக்கம் இழுப்பதால் இரண்டும் கழிந்து, எஞ்சுவது சிறிதளவே.

ஓசோனின் நிலை இன்னும் வியப்புக்குரியது. மூன்று அணுக்களும் ஆக்ஸிஜனே. கவர்திறன் வேறுபாடு சுழி. மனப்பாட விதிப்படி அது முனைவற்றதாக இருக்க வேண்டும். ஆனால் மூலக்கூறு வளைந்தது. நடு அணுவும் ஓர அணுக்களும் ஒரே சூழலில் இல்லாமையால் எலக்ட்ரான்கள் சமமாகப் பரவவில்லை. அதன் திருப்புத்திறன் 0.53 டிபை. கார்பன் மோனாக்ஸைடோ இதற்கு மறுதலை. கவர்திறன் வேறுபாடு 0.89 இருந்தும் திருப்புத்திறன் 0.11 டிபை மட்டுமே. அதிலும் எதிர்மின் முனையாக இருப்பது ஆக்ஸிஜன் அன்று, கார்பன்! கவர்திறன் அட்டவணை நல்ல வழிகாட்டிதான். ஆனால் அது சொல்வதோடு எல்லாம் முடிந்துவிடுவதில்லை.

அளந்து அறிந்தவர்

கண்ணுக்குத் தெரியாத மூலக்கூறின் முனைவை எவ்வாறு அளந்தனர்? இதற்கு வழிகண்டவர் ஹாலந்து நாட்டில் மாஸ்டிரிக்ட் நகரில் 1884-இல் பிறந்த பீட்டர் டிபை. முனைவுள்ள மூலக்கூறுகள் பற்றிய தம் கொள்கையை 1912-இல் வெளியிட்டார். இவ்வாய்வுக்காகவும் எக்ஸ் கதிர், எலக்ட்ரான் விளிம்பு விளைவு ஆய்வுகளுக்காகவும் 1936-ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசு அவருக்கு வழங்கப்பட்டது. அலகுக்கு அவர் பெயரே சூட்டப்பட்டுள்ளது.

அவர் காட்டிய வழி இது. ஒரு மின்தேக்கியின் இரு தகடுகளுக்கிடையே வாயுவை நிரப்பினால் மின்தேக்கியின் கொள்திறன் சிறிது கூடுகிறது. மின்புலம் எந்த மூலக்கூறின் எலக்ட்ரான்களையும் சற்றே இழுத்து நகர்த்தும். இது எல்லா வாயுக்களுக்கும் பொது. முனைவுள்ள மூலக்கூறுகளோ இதனுடன் மின்புலத்தின் திசைக்கு ஏற்பத் திரும்பவும் முயலும். வெப்பம் மிகும்போது மூலக்கூறுகளின் தாறுமாறான இயக்கம் இத்திரும்பலைக் குலைக்கும். ஆகவே ஒவ்வொரு மூலக்கூறும் தரும் பங்கு வெப்பநிலையோடு குறைந்தால் வாயு முனைவுள்ளது, மாறாதிருந்தால் முனைவற்றது. எவ்வளவு குறைகிறது என்பதிலிருந்து திருப்புத்திறனைக் கணக்கிட்டுவிடலாம்.

இவ்விடத்தில் வகுப்பறையில் நாம் அடிக்கடி செய்து காட்டும் ஒரு சோதனையைப் பற்றியும் சொல்ல வேண்டும். உலர்ந்த தலைமுடியில் தேய்த்த சீப்பைக் குழாயிலிருந்து விழும் மெல்லிய நீர்த்தாரையின் அருகே கொண்டு சென்றால் தாரை சீப்பை நோக்கி வளைகிறது. 'நீர் முனைவுள்ளது என்பதற்கு இதுவே சான்று' என்று கூறி வருகிறோம். கண்ணுக்கு இனிய சோதனைதான். ஆனால் சான்று சரியானதன்று. சீரான மின்புலத்தில் ஓர் இருமுனையின் நேர்முனை ஒரு பக்கமும் எதிர்முனை மறுபக்கமும் சம விசையோடு இழுக்கப்படுவதால் அது திரும்புமே தவிர நகராது. சீரற்ற புலத்தில் ஈர்ப்பு இருக்கும். ஆயினும் அது மிகச் சிறிது. தாரை வளைவதற்கு முதன்மைக் காரணம், நீரிலுள்ள அயனிகள் இடம்பெயர்ந்து தாரையே மின்னூட்டம் பெறுவதாகும். சோதனையைச் செய்து காட்டுவதில் தவறில்லை. அது சொல்லாததை அதன் தலையில் ஏற்றிவிடக் கூடாது.

கொதிநிலையில் முனைவு

முனைவின் விளைவுகளைக் கொதிநிலையில் தெளிவாகக் காணலாம். மூலக்கூறு எடை ஏறத்தாழ ஒத்திருக்கும் மூன்று பொருள்களை எடுத்துக்கொள்வோம். மீத்தேன் (எடை 16) சுழிக்குக் கீழ் 161 பாகை செல்சியஸில் கொதிக்கிறது. அம்மோனியா (17) சுழிக்குக் கீழ் 33 பாகையில். நீர் (18) 100 பாகையில். எடையில் வேறுபாடு இரண்டே; கொதிநிலையில் வேறுபாடு 261 பாகை!

மீத்தேன் மூலக்கூறுகள் முனைவற்றவை; ஒன்றையொன்று மெலிதாகவே ஈர்க்கும். அம்மோனியாவிலும் நீரிலும் சாதாரண இருமுனை ஈர்ப்போடு ஹைட்ரஜன் பிணைப்பும் சேர்கிறது. ஒரு நீர் மூலக்கூறின் ஹைட்ரஜன், அடுத்த மூலக்கூறின் ஆக்ஸிஜனிலுள்ள தனித்த இரட்டையைப் பற்றிக்கொள்கிறது. கொதிக்க வைப்பதென்பது இக்கைகோப்பை விடுவிப்பதேயாகும்.

ஆனால் 'முனைவுள்ளது எப்போதும் உயர்ந்த வெப்பநிலையில் கொதிக்கும்' என்று புதிய மனப்பாட விதி ஒன்றை உண்டாக்கிவிடாதீர்கள். முனைவுள்ள குளோரோஃபார்ம் 61 பாகையில் கொதிக்கிறது. முனைவற்ற கார்பன் டெட்ரா குளோரைடு 77 பாகையில் கொதிக்கிறது. காரணம், எலக்ட்ரான்கள் ஓயாது அசைவதால் முனைவற்ற மூலக்கூறிலும் நொடிப்பொழுதில் தோன்றி மறையும் இருமுனைகள் உண்டாகி, அண்டை மூலக்கூறுகளை ஈர்க்கின்றன. 1930-இல் ஃபிரிட்ஸ் லண்டன் விளக்கிய இவ்விசை, எலக்ட்ரான்கள் மிகுதியாக உள்ள பெரிய மூலக்கூறுகளில் வலுவாக இருக்கும். எடை ஒத்த பொருள்களை ஒப்பிடும்போதுதான் முனைவின் பங்கு தனித்துத் தெரியும்.

கரைவதும் கரையாததும்

'ஒத்தது ஒத்ததைக் கரைக்கும்' என்பது வேதியியலார் வழக்கு. என் பேராசிரியர் அன்று ஆய்வுக்கூடத்தில் இரண்டு சோதனைக் குழாய்களில் அயோடின் படிகங்களை இட்டார். தண்ணீர் ஊற்றிய குழாயில் வெளிறிய பழுப்பு நிறம் மட்டும் தோன்றியது. கார்பன் டெட்ரா குளோரைடு ஊற்றிய குழாயில் அழகிய ஊதா நிறம் பரவியது. முனைவற்ற அயோடின் முனைவற்ற திரவத்தை நாடியது. 'நீ முனைவுள்ளது என்று எழுதிய திரவம் இதுதான்' என்பதுபோல் அவர் என்னைப் பார்த்தார். அத்திரவம் கல்லீரலுக்குக் கேடு செய்வது. ஓசோன் படலத்தையும் சிதைப்பது. 1990-இல் மாண்ட்ரீல் உடன்படிக்கையின் இலண்டன் திருத்தத்தால் கட்டுப்படுத்தப்பட்டது. இன்று அச்சோதனையை ஹெக்சேனில் செய்யலாம். ஊதா நிறம் அதேதான். ஹெக்சேன் நீரினும் இலேசானதால் நிறப்படலம் அடியில் இல்லாமல் மேலே நிற்கும்.

சமையல் உப்பு நீரில் கரைவது எப்படி? நீர் மூலக்கூறுகளின் ஆக்ஸிஜன் முனைகள் சோடியம் அயனியையும், ஹைட்ரஜன் முனைகள் குளோரைடு அயனியையும் சூழ்ந்துகொள்கின்றன. நீரின் மின்காப்பு மாறிலி ஏறத்தாழ 80. அதாவது வெற்றிடத்தில் இரு அயனிகளிடையே உள்ள ஈர்ப்பு நீருக்குள் 80-இல் ஒரு பங்காகக் குறைந்துவிடுகிறது. படிகம் கலைகிறது.

எண்ணெய் ஏன் கலப்பதில்லை? நீரும் எண்ணெயும் ஒன்றையொன்று வெறுத்து விலக்குகின்றன என்று பலர் எண்ணுகின்றனர். உண்மையில் அவற்றிடையே மெல்லிய ஈர்ப்பு உண்டு. ஆனால் நீர் மூலக்கூறுகள் தமக்குள் கோத்துக்கொண்டிருக்கும் கைகள் அதைவிட வலியவை. எண்ணெய் மூலக்கூறு இடையே புகுந்தால் அதைச் சூழ்ந்த நீர் மூலக்கூறுகள் ஓர் ஒழுங்குக்குள் கட்டுண்டு தம் இயக்க உரிமையை இழக்கின்றன. எனவே நீர் தன்னினத்தோடு சேர்ந்து எண்ணெயை ஒதுக்குகிறது. பகை அன்று, உறவின் மிகுதியே பிரிவுக்குக் காரணம். தாமரை இலையில் நிகழ்வதும் இதுவே. இலையின் மேலுள்ள மெழுகு முனைவற்றது. அதன் நுண்ணிய புடைப்புகள் துளியைக் காற்றின் மேல் தாங்கி நிறுத்துகின்றன. நீர் தன்னைத் தானே இறுகப் பற்றி உருண்டையாகிறது.

நம் வீடுகளில் இவ்வறிவு பெயரின்றியே வழங்கி வருகிறது. கடுகும் பெருங்காயமும் மிளகாயும் எண்ணெயில் தாளிக்கப்படுவது ஏன்? மணமும் காரமும் தரும் அவற்றின் பொருள்கள் நீரைவிட எண்ணெயில் நன்கு கரையும். மஞ்சளின் நிறப்பொருளும் அத்தகையதே. முருங்கைக் கீரையிலுள்ள கரோட்டின், கார்பனும் ஹைட்ரஜனும் மட்டுமே கொண்ட முனைவற்ற மூலக்கூறு; கீரையோடு சிறிது எண்ணெய் சேர்ந்தால்தான் உடல் அதை நன்கு ஏற்கும். வைட்டமின் சி நீரில் கரையும். நறுக்கிய பின் காயைக் கழுவினால் அது நீரோடு போய்விடும். இயந்திரப் பட்டறையில் கைகளில் படிந்த கிரீஸை மண்ணெண்ணெய் கொண்டு துடைப்பதும் இவ்விதிப்படியே.

எண்ணெய்க் குளியலுக்குப் பின் சீயக்காய் தேய்ப்பது இன்னும் நுட்பமானது. சீயக்காயிலுள்ள சப்போனின் மூலக்கூறின் ஒரு பகுதி எண்ணெயை நாடும். மறுபகுதி நீரை நாடும். சோப்பும் அப்படியே. ஒட்டாத இருவரையும் ஒரு கையால் ஒருவராகப் பற்றி அழைத்துச் செல்லும் தூதர் போன்றவை இவை. நம் உடலின் ஒவ்வோர் உயிரணுவைச் சுற்றியும் உள்ள சவ்வு இத்தகைய இருகுண மூலக்கூறுகளின் ஈரடுக்காகும்.

முனைவற்றதன் அசைவு

கார்பன்-டை-ஆக்ஸைடு முனைவற்றது என்று கண்டோம். அது அமைதியாக நிற்கும்போதுதான் அக்கூற்று முழு உண்மை. மூலக்கூறுகள் ஓயாது அதிர்கின்றன. அம்மூலக்கூறு வில் போல் வளைந்து நிமிரும்போது, வளைந்த கணத்தில் நேர்க்கோடு குலைந்து ஓர் இருமுனை தோன்றுகிறது. அந்த அசைவால் ஏறத்தாழ 15 மைக்ரோமீட்டர் அலைநீளமுள்ள அகச்சிவப்புக் கதிர்களை அது உறிஞ்சுகிறது. பூமி வெளியிடும் வெப்பக் கதிர்களில் அவையும் அடங்கும்.

உலர்ந்த காற்றில் 99 விழுக்காடாக உள்ள நைட்ரஜனும் ஆக்ஸிஜனும் அதிர்ந்தாலும் அவற்றின் சமச்சீர் குலைவதில்லை. எனவே அவை வெப்பக் கதிர்களைத் தடுப்பதில்லை. மிகச் சிறிய அளவே உள்ள கார்பன்-டை-ஆக்ஸைடு தடுக்கிறது. வாயுக்களின் இவ்வேறுபாட்டை 1859-இல் ஜான் டின்டால் ஆய்வுக்கூடத்தில் அளந்து காட்டினார். புகைபோக்கிகளிலிருந்து நாம் வெளியேற்றும் இவ்வாயு பூமியை வெப்பமாக்கும் செய்தியை இன்று நாள்தோறும் படிக்கிறோம். அதன் வேர் இந்த எளிய பாடத்தில் இருக்கிறது.

முடிவுரை

மாணவ நண்பர்களே, ஒரு மூலக்கூறின் பெயரைக் கேட்டதும் மூன்று வினாக்களை வரிசையாக எழுப்புங்கள். பிணைப்புகளில் எலக்ட்ரான்கள் எப்பக்கம் சாய்கின்றன? தனித்த இரட்டைகளையும் சேர்த்து எண்ணினால் மூலக்கூறின் வடிவம் யாது? அவ்வடிவத்தில் இழுப்புகளைத் திசையோடு கூட்டினால் எஞ்சுவது என்ன? முதல் வினாவோடு நின்றவன் நான். அதற்குக் கிடைத்த சுழி, கார்பன் டெட்ரா குளோரைடின் திருப்புத்திறனும் சுழியே என்பதைப் பின்னாளில் மறக்க முடியாமல் செய்துவிட்டது.

இன்று என் வகுப்பில் யாரேனும் விடைத்தாளோடு வந்து, "ஐயா, புத்தகத்தில் உள்ளதைத்தானே எழுதினேன்?" என்று கேட்டால், என் மேசை அறையிலிருந்து ஒரு களிமண் உருண்டையும் நான்கு தீக்குச்சிகளும் வெளியே வரும். அவற்றைக் கையில் வாங்கித் தாமே செருகிப் பார்த்த மாணவர் எவரும் அதே பிழையை மறுமுறை செய்து நான் கண்டதில்லை.